இலைக்கொரு நாப்கின்

செல்வம்மாளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். உத்தனப்பள்ளி ஜோதிமணிக்கு அந்த வருஷம் வேறு வேண்டுதலே கிடையாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோதும் அதைத்தான் கேட்டாள். சிலருக்கு ஆத்திரம் வந்தால் நாலு வசவோடு இறங்கிவிடும். ஜோதிமணி அந்த ரகம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சிரிக்கிற இடத்தில் சிரிப்பாள், வயிறு மட்டும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

எரிய வைத்தவள் செல்வம்மாள்தான். ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய ரோஜாத் தோட்டமும், பாலிதீன் கூரை போட்ட குடில்களும், பூக்கட்டுகிற ஷெட்டும் அவள் புருஷன் குருமூர்த்தி பேரில் இருந்தாலும் அதிகாரம் முழுக்க அவளுடையது. ஜோதிமணியின் புருஷன் தீர்த்தகிரி அந்தத் தோட்டத்து டெம்போ டிரைவர். விடிவதற்குள் பூவை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய் மத்தியானம் திரும்புவான்; அவர்கள் காரையும் அவன்தான் ஓட்டுவான். காலனியில் பாதி வீட்டுக்கு அந்த ஷெட்தான் அடுப்பு மூட்டுகிறது. ஓசூர் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஜோதிமணியின் மகள் அருணாவும், காதலர் தினத்துக்கு முந்தைய அவசர அறுவடைக்கு ஆள் போதாமல் கூப்பிட்டபோது, சனி ஞாயிறுகளில் அங்கே போய் உட்கார்ந்தாள்.

முள் ஒடித்து, காம்பு பார்த்துப் பிரித்து, அட்டைத்தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நின்ற பூவையே தொட்டுத் தொட்டு விரல் விறைத்துப் போகும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணா எழுந்தபோது ஸ்டூலில் கறை. நாள் முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு எவளாவது பார்த்திருந்தால் ஒரு துண்டை இடுப்பில் சுற்றி ஓரமாக அழைத்துப் போயிருப்பாள். பார்த்தவள் செல்வம்மாள். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பூ ஒதுக்க அன்றைக்குப் பார்த்து ஷெட்டுக்குள் வந்திருந்தாள்.

“ஏ எந்திரிடி! கோயிலுக்குப் போற பூவுடி அது! ஒரு துணி வெச்சிக்கத் தெரியாதா உனுக்கு? உங்கம்மா ஊருக்கெல்லாம் துணி தெக்கிறா, பெத்த பொண்ணுக்கு ஒரு துணி குடுக்க வக்கில்லியா?”

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். அருணா தொட்ட பூக்கட்டுகளையெல்லாம் அவளே தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கொட்டச் சொன்னாள். பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, பெஞ்சையும் தரையையும் கழுவச் சொன்னாள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், பையன்கள் உட்பட. கறையோடு, கையில் ரோஜாக்கட்டோடு, அந்தப் பெண் குழிக்கும் ஷெட்டுக்குமாக நடந்தாள்.

ஓசூர் பக்கத்துச் சிவப்பு ரோஜாவுக்கு ‘தாஜ்மகால்’ என்று பேர். மறுநாளிலிருந்து ஷெட்டுப் பையன்கள் அருணாவுக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். பஸ் ஏறினால் “டேய், தாஜ்மகால் வருதுடா.” இறங்கினால் “தாஜ்மகால் போவுதுடா.” ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் பேர் கூடவே வந்தது. ஒரு நாள் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்த அருணா, பையை ஆணியில் மாட்டியதோடு சரி. பாலிடெக்னிக் பக்கம் பிறகு போகவில்லை.

ஜோதிமணி கேட்கப் போகாமல் இல்லை. செல்வம்மாள் வீட்டுப் பின்வாசலில் நின்று, “சின்னப் பொண்ணும்மா, நாலு ஆம்பளப் பசங்க முன்னால இப்டிப் பண்ணிட்டீங்களே” என்றாள். செல்வம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டே, “தீட்டு கழுவுனா பொண்ணுக்கு நல்லதுதான்டி. உம் புருசன் டெம்போ எடுக்கணும், வெளக்கு வெக்கிற நேரத்துல மூக்கச் சிந்தாத போ” என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான்.

“உடு ஜோதி. பொம்பளைங்க விசயம். நான் போயி என்னான்னு கேக்கறது?”

அவனை ஒன்றும் சொல்லிப் பிரயோசனம் இல்லை. நல்லவன். நல்லவன் என்றால் யாருக்கும் நல்லவன், செல்வம்மாளுக்கும்.

‘ஒரு துணி குடுக்க வக்கில்லியா.’ அந்த ஒரு வார்த்தைதான் ஜோதிமணியைத் தூங்கவிடாமல் செய்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிப்காட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தவள் அவள். கம்பெனியை விட்டபின் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாள். அந்த வார்த்தைக்குப் பிறகு முதல் வேலையாக மகளுக்குத் துணி நாப்கின் தைக்க உட்கார்ந்தாள். ஏதோ சபதம் போட்டவள் போலத்தான் தைத்தாள்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பனியன் கம்பெனிக் கழிவு வெட்டுத்துணியைக் கிலோக் கணக்கில் ஓசூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் கொட்டி விற்பார்கள். அதில் மெதுவான பருத்தியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் வைக்கப் பழைய டர்க்கி டவலைக் கிழித்தாள். அடியில் கசியாமல் இருக்க, கம்பி உடைந்த குடைகளின் துணி. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டி, டிச் பட்டன் வைத்து, உள்ளே புரட்டி, ஓரத்தில் இரட்டைத் தையல் ஓட்டினாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, வெயிலில் காயப் போட்டாள். வெயில் இல்லாத நாளில் அடுப்பு மேலே கொடி கட்டினாள். வெட்டுத்துணியில் நீலம், பச்சை, கோடு, புள்ளி என்று வந்ததெல்லாம் நாப்கின் ஆயிற்று.

அடுத்த வீட்டு மாரம்மா ஒன்று கேட்டாள். மாரம்மா ஷெட்டில் வேலை செய்கிறவள், வாய் சும்மா இருக்காது. அவள் வாய் வழியாக ஷெட்டில் பத்துப் பெண்கள் கேட்டார்கள். சிப்காட் ஹாஸ்டல் பெண்களும் ஆள் விட்டு வாங்கினார்கள். முதலில் ‘அது இருக்குதா’ என்று கேட்டவர்கள், பிறகு சத்தமாகவே ‘நாப்கின் இருக்குதாக்கா’ என்று கேட்டார்கள். ‘ஜோதிமணி துணி நாப்கின் தெக்கிறா’ என்று ஊரில் பேச்சானது. அந்தப் பேச்சு நடந்து நடந்து, ஆண்கள் காதிலும் அரைகுறையாக விழுந்து, கடைசியில் செல்வம்மாளிடம் போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் ஒரு நாள் தோட்டத்து மேஸ்திரி கிருஷ்ணப்பன் மொபெட்டில் வந்து வாசலில் நின்றான். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபத்தில் கன்னடம் பேசுகிற ஆள். அன்றைக்கு எந்தப் பாஷையும் சரளமாக வரவில்லை.

“ஜோதியக்கா, நீங்க அந்த... துணி நாப்கின் தெக்கிறீங்களாமே?”

“ஆமா, தெக்கிறன். உங்க ஊட்டுக்கு வேணுமா?”

“அய்யோ எனுக்கு இல்லக்கா! நம்ம தோட்டத்து அம்மாவுக்கு. அவங்க பையன் ராஜ்குமாரு தம்பிக்கு நிச்சயம் வெச்சிருக்குதில்ல, மண்டபத்துல. அதுக்கு வேணுமாம். வர்ற சனத்துக்கெல்லாம் ஆளுக்கொண்ணு.”

“ஆளுக்கொண்ணா? நிச்சயத்துலயா?”

“அப்டித்தான் சொல்லுச்சி. எனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்களே போன்ல கேட்டுக்கங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் மொபெட் கிளம்பிவிட்டது.

ஜோதிமணி கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள். நிச்சயத்துக்கு வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு நாப்கினா? செல்வம்மாளா? யோசிக்க யோசிக்க ஒன்றுதான் புரிந்தது. அந்தப் பொம்பளைக்கு மனசு உறுத்தியிருக்கிறது. செய்ததை வாயால் சொல்ல முடியாமல் இப்படிச் செய்கிறாள். பெரிய இடத்துக்காரர்கள் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான் இருக்கும் போல. ஜோதிமணிக்குக் கண் கலங்கியே விட்டது. ஏழு மாசம் எரிந்த வயிறு, ஒரு நிமிஷம் ஈரத்துணி போட்ட மாதிரி அடங்கியது. போன் போட்டாள்.

“அம்மா, கிருஷ்ணப்பன் சொன்னாரு. நாப்கின்னு...”

“ஆமான்டி ஜோதி. துணியிலதான் வேணும். பேப்பர்ல வேணாம்னு பெங்களூர் சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. அவங்க ஊட்டுல எல்லாம் துணி நாப்கின்தானாம். கடையில போயி வெல கேட்டன், அம்மாடி, தல சுத்துது. நீ கட்பீஸ்லயே தெச்சிடு. செலவு ஏறக் கூடாது, பாக்க அம்சமா இருக்கணும்.”

“எப்டித் தெக்கிறதும்மா? அளவு, மாடலு...”

“என்னடி புதுசாக் கேக்கற? நீ எப்பவும் தெக்கிறாப்புலயே தெச்சிடு. நெறம் மட்டும் பளிச்சுனு எடு. ஒவ்வொண்ணையும் மடிச்சி ரிப்பன் கட்டிடு.”

ஒன்று சொல்ல வேண்டும். செல்வம்மாள் வயசுக்கு வந்த காலத்தில் அதற்குத் துணி என்றுதான் பேர். பிறகு கடையில் வாங்கியபோது பேடு என்றாள். அதுவும் நின்று வருஷமாயிற்று. நாப்கின் என்கிற வார்த்தை பெங்களூர் சம்பந்தி வாயிலிருந்து அவள் புதிதாகப் பொறுக்கியது. புதுச்சேலை கட்டினவள் மாதிரி அதை எல்லா இடத்துக்கும் உடுத்திக்கொண்டு போனாள்.

ஜோதிமணிக்கு அது அன்றைக்கு இரவு சாப்பாட்டில்தான் தெரிந்தது. களி உருண்டையைக் கீரைக்குழம்பில் தோய்த்துக்கொண்டே தீர்த்தகிரி சொன்னான்.

“பெங்களூர்க்காரங்க ரொம்ப சுத்தம் பாக்கறாங்களாம். சாப்புட்டதும் வாய் தொடைக்க ஆளுக்கொரு துணி வேணுமாம், இலைக்குப் பக்கத்துல வெக்கணுமாம். வண்டியில வரப்போ அம்மா போன்ல பேசிட்டே வந்துச்சி. கர்ச்சீப்புக்கு என்னமோ பேரு சொல்லுது, நாப்கின்னு. உன்னதான் தெக்கச் சொல்லியிருக்கறன்னுச்சி.”

“வாய் தொடைக்கவா?”

“ஆமா. பின்ன எதுக்கு?”

அவனுக்கு வீட்டில் என்ன தையல் ஓடுகிறது என்பதே தெரியாது. பொம்பளைங்க விசயம். ஜோதிமணி இன்னொரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். மன்னிப்பாம், உறுத்தலாம். ஒரு நிமிஷம் அவளுக்காகக் கண் கலங்கியதை நினைத்தபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. பழைய நெருப்பு இப்போது ரெண்டு மடங்காக ஏறியது. ஏறிய வேகத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

‘நீ எப்பவும் தெக்கிறாப்புலயே தெச்சிடு.’

சரிங்கம்மா. தெச்சிடறன்.

மறுநாள் காலையிலேயே மிஷினில் உட்கார்ந்தாள். மழை சிணுசிணுவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மழை பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை என்று பளிச்சென்ற வெட்டுத்துணியாகப் பொறுக்கி, மாதிரி அட்டையை வைத்து நாலு நாலாக அடுக்கி வெட்டினாள். கம்பெனியில் டார்கெட்டுக்குத் தைத்த கை, ஓடு என்றால் ஓடும். டவல், குடைத்துணி, இறக்கை, பட்டன் எதிலும் குறை வைக்கவில்லை. அரைகுறையாகத் தைத்தால் தெரியாமல் தைத்தாள் என்று எப்படி நம்புவார்கள்? இத்தனை வருஷத்தில் எந்த வெளிநாட்டுக்காரன் ஆர்டருக்கும் அவள் இவ்வளவு கருத்தாகத் தைத்ததில்லை.

ரிப்பனைப் பார்த்து அருணாவுக்குச் சந்தேகம் வந்தது.

“எதுக்கும்மா இதுக்குப் போயி ரிப்பனு?”

ஜோதிமணி சொன்னாள். மறைக்க முடியவில்லை, மறைக்க ஆசையும் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அருணா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தாள் ஜோதிமணி. கையை எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

“அப்பறம் கேப்பாங்களே. ஏன் பண்ணன்னு கேட்டா என் பேரச் சொல்லுவியா? மறுபடி எல்லாரும் என்னயப் பேசுவாங்களா?”

“எவ பேசுவா? பேசட்டும் பாக்கலாம்.”

“அம்மா, நீ செய்யி. நான் வேணாங்கல. ஆனா என் பேச்ச எடுக்கக் கூடாது. தெரியாமத் தெச்சிட்டன்னு சொல்லிடு. எம் மேல சத்தியம் பண்ணு.”

ஜோதிமணி அவள் தலையில் கை வைத்தாள். அதற்கப்புறம் அருணாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து ரிப்பன் கட்டினாள். பூக்கட்டிப் பழகிய கை, முடிச்சு ஒவ்வொன்றும் பூ மாதிரியே இருந்தது. பெட்டிகளை மண்டபத்துக்குக் கொண்டுபோனவன் தீர்த்தகிரிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. செல்வம்மாள் ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, “மெத்துன்னு இருக்குதுடி! பட்டன் வேற வெச்சிருக்கறா போல. கைராசிக்காரி” என்றாளாம். ரிப்பனைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நிச்சயத்தன்று காலனிப் பெண்களைக் கூடமாட வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜோதிமணி பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து பந்தி நேராகத் தெரியும். முதல் பந்தி முழுக்கப் பெண்வீட்டார். பெங்களூர்ப் பட்டும் வைரமூக்குத்தியுமாக நடுவில் உட்கார்ந்திருந்தவள் சம்பந்தியம்மா சுமலதா. இலை போட்டாயிற்று. உப்பு, ஊறுகாய், பாசிப்பருப்புக் கோசம்பரி, ஒப்பட்டு என்கிற போளி வந்தாயிற்று. ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ரிப்பன் கட்டிய மஞ்சளும் ரோஸும் பச்சையும். பார்க்கக் கொள்ளை அழகு.

முதலில் பிரித்தவர் பெண்ணின் பெரியப்பா. ரிப்பனை அவிழ்த்தார், உதறினார், இறக்கைகளைப் பார்த்தார். புது மாடல் என்று நினைத்துக்கொண்டார் போல. கழுத்தில் கிடந்த தடித்த சங்கிலியைச் சுற்றி இறக்கைகளைக் கொண்டுவந்து பட்டனை டிச்சென்று போட்டு, நாப்கினை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஒப்பட்டைப் பிய்த்தார். எதிர்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்திக்குப் புரையேறியது. பக்கத்தில் இருந்தவள் அவள் காதைக் கடித்தாள். அங்கிருந்து அது நெருப்புப் பிடித்த மாதிரி பந்தி முழுக்கப் பரவியது. பெண்கள் முந்தானையால் வாயை மூடினார்கள், ஆண்கள் என்ன ஏது என்று விழித்தார்கள், சிலர் கையில் எடுத்ததைச் சூடு பட்ட மாதிரி கீழே போட்டார்கள்.

செல்வம்மாள் நெய்க்கிண்ணத்தோடு ஓடிவந்தாள். ஒன்றைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் புரியவில்லை. மாரம்மாதான், உலகத்திலேயே அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காதில் சொன்னாள். செல்வம்மாளின் கழுத்திலிருந்து ரத்தம் மேலே ஏறுவதை ஜோதிமணி பாத்திரத் தொட்டி ஓரத்திலிருந்து பார்த்தாள். அத்தனை பேர் கண்ணும் செல்வம்மாள் மேலேயே இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக ஏழு மாசம் காத்திருக்கலாம், ஏழு வருஷமும் காத்திருக்கலாம் என்று ஜோதிமணிக்குத் தோன்றியது. உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் குளிர்ந்தது.

அப்போதுதான் சுமலதா சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. இலையை விட்டுச் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அய்யோ, பாப! பாவம்! நாப்கின்னா அவளுக்கு இதே தெரிஞ்சிருக்கு. யாரு தெச்சது செல்வம்மா?”

செல்வம்மாள் புத்திசாலி. மூழ்குகிறபோது கையில் கிடைத்த கிளையை விடவில்லை. உடனே அவளும் சிரித்தாள்.

“எங்க டெம்போ டிரைவரு பொஞ்சாதிங்க. படிப்பில்லாத சனம். நாப்கின்னா அதுங்களுக்கு இதான் தெரியும். ஏ ஜோதி, இங்க வாடி!”

ஈரக்கையோடு ஜோதிமணி வந்து நின்றாள். மண்டபமே அவளைப் பார்த்துச் சிரித்தது. பெரியப்பா கழுத்திலிருந்து அதைக் கழற்றத் தெரியாமல் தவித்தது இன்னும் சிரிப்பை ஏற்றியது.

“உம் மேல தப்பில்லடி, எந் தப்பு. உங்கிட்டப் போயி நாப்கின்னு சொன்னம் பாரு! அழுவாத, ஒண்ணும் சொல்ல மாட்டன். போ, போயி வயிறாரச் சாப்புடு.”

மன்னித்துவிட்டாள். செல்வம்மாள் ஜோதிமணியை நாலு பேர் முன்னால் மன்னித்துவிட்டாள்! வாசல் பக்கம் தீர்த்தகிரி டெம்போ சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிடாத குறையாக நின்றான். ‘தெரிஞ்சுதான்டி தெச்சன்’ என்கிற வார்த்தை ஜோதிமணியின் பல் வரைக்கும் வந்தது. மகள் தலையில் வைத்த கை ஞாபகம் வந்தது. விழுங்கினாள். “தெரியாமப் போச்சிங்கம்மா” என்றாள். தலை குனிந்தது அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்து முறத்தைத் தூக்கி எறிந்தாள். “முட்டாளாக்கிட்டா! என்னய முட்டாளாக்கிட்டு அவ பெரிய மனுசி ஆயிட்டா!” அருணா முறத்தை எடுத்து மாட்டினாள். அந்த வாரம் முழுக்க ஊரில் ஜோதிமணிதான் சிரிப்பு. பால் ஊற்றுகிற இடத்தில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் “என்ன ஜோதி, வாய் தொடைக்க ஒண்ணு குடேன்” என்றார்கள். தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு பேர் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், காலனிச் சந்துக்குள் கார் ஒன்று வந்து நின்றது. சுமலதா இறங்கினாள். தோட்டம் பார்க்க வந்தவள், நாப்கின் தைத்தவளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக வந்திருக்கிறாள். பின்னால் செல்வம்மாள், சேலையைத் தூக்கிப் பிடித்து, சேற்றில் கால் வைக்க இடம் தேடினாள். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுக்காரர்கள் யாரும் இந்தச் சந்துக்குள் வந்ததில்லை. ஓட்டிவந்த தீர்த்தகிரி ஓடி ஓடிக் குடை பிடித்தான்.

சுமலதா வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் செல்வம்மாள் இன்னொன்றின் நுனியில் உட்கார்ந்தாள்.

“ஏனம்மா, உங்க கை வேலை சென்னாகிதெ, ரொம்ப நல்லா இருக்கு! நான் அன்னைக்கு ஒண்ணு பேக்ல போட்டுட்டுப் போனேன். எங்க லேடீஸ் கிளப்ல காட்டினேன், எல்லாரும் கேக்கறாங்க. ஆனா இந்தக் கதை சொன்னேன் பாருங்க, சிரிச்சு சிரிச்சு...” சொல்லும்போதே மறுபடி சிரித்தாள்.

“காபி குடிக்கறீங்களாம்மா?” என்றாள் ஜோதிமணி. மரியாதைக்குத்தான் கேட்டாள்.

“குடுங்க குடுங்க. மழைக்குச் சூடா இருந்தா நல்லது. செல்வம்மா, நீங்களும்தானே?”

செல்வம்மாள் ஜோதிமணியைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவள்; அதைச் சம்பந்திக்கு எதிரில் எப்படிச் சொல்லுவாள்? “அரை டம்ளரு போதும்” என்றாள். உள்ளே அடுப்பில் அருணா காபி கொதிக்கவைக்கிற சத்தம் கேட்டது. ஜோதிமணி போய் டம்ளர்களை வாங்கி வந்து கொடுத்தாள். சுமலதா ஊதி ஊதிக் குடித்தாள். செல்வம்மாள் உதட்டு நுனியால் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உள்ளே யாரு, மகளா? ஏனு ஓதுத்தாளே? என்ன படிக்கறா?” என்றாள் சுமலதா.

ஜோதிமணி வாயைத் திறப்பதற்குள் செல்வம்மாள் முந்திக்கொண்டாள். “பாலிடெக்னிக்ல போட்டாங்க. எங்கங்க, இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறுதா? பாதியில நிறுத்திடுச்சி.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அருணா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக வந்து சுமலதாவின் எதிரில் நின்றாள். செல்வம்மாளைப் பார்க்கவில்லை.

“கொத்தித்தே ஹொலிதித்து” என்றாள்.

தெரிந்தேதான் தைத்தது, என்று கன்னடத்தில். எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை தெருவிலேயே வந்துவிடும். சுமலதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அருணா நிறுத்தவில்லை. ஷெட்டைச் சொன்னாள், ஸ்டூலைச் சொன்னாள், குப்பைக்குழிக்கும் ஷெட்டுக்கும் நடந்ததைச் சொன்னாள், மஞ்சள் தண்ணீரைச் சொன்னாள். பஸ்ஸில் கூப்பிடுகிற பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இடறியது. எல்லாம் கன்னடத்தில், ஒரு வார்த்தை மிச்சமில்லாமல், சம்பந்தியம்மாவுக்குப் புரிகிற மாதிரி. ஜோதிமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த வாயையா ஏழு மாசமாகப் பூட்டி வைத்திருந்தாள்!

“எங்கம்மா முட்டாளு இல்லீங்க. ரிப்பன் கட்டனது நானு” என்று தமிழில் முடித்தாள்.

சுமலதா மெதுவாகத் திரும்பினாள். “ஹௌதா, நிஜமா செல்வம்மா?”

“அது... கோயிலுக்குப் போற பூவுங்க. தீட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல... நம்ம வழக்கம்...”

“என் மகளும் மாசம் மாசம் வெளியே உக்காரணுமா? உங்க வீட்டுக்கு வந்தா, இதே வழக்கமா?”

செல்வம்மாளுக்கு வாய் குழறியது. “அய்யோ, அப்டியெல்லாம் இல்லீங்க! நான் அதெல்லாம் பாக்கறதே இல்ல. இந்தக் காலத்துல யாரு பாக்கறாங்க!”

அருணா அப்போதுதான் முதல் தடவையாகச் செல்வம்மாளைப் பார்த்தாள்.

“பாக்கறதில்லீங்களா? எனுக்கு நேத்துதான் வந்துச்சி. நீங்க கையில வெச்சிருக்கற காபி நான் போட்டதுங்க. வேணாம்னா குடுங்க, குப்பக்குழியில கொட்டிட்டு வந்துடறன்.”

வாசலில் குடையோடு நின்ற தீர்த்தகிரி “ஏ புள்ள” என்று ஒரு அடி முன்னால் வந்தான். நாளைக்கு டெம்போ சாவி வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும், ஜோதிமணிக்கும் தெரியும். போகட்டும். சுமலதா தன் டம்ளரில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, காலி டம்ளரை அருணா கையில் கொடுத்தாள். பிறகு அவளும் செல்வம்மாளின் டம்ளரைப் பார்த்தாள்.

எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த மாரம்மாவும், அவளுக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் பார்த்தார்கள். செல்வம்மாள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். கொட்டினால் சம்பந்தம் போய்விடும். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாய், இன்னொரு வாய். தொண்டை ஏறி இறங்குவதை ஜோதிமணி கண்கொட்டாமல் பார்த்தாள். முழுசாக இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, பக்கத்தில் போய், குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களாம்மா?”